மலை ஊற்றிய தேநீர்

கசாப்புக் கடைக்காரர் மிர்ஸோஹித்தும் எழுந்து போய்விட்டார்.

சனோபர் அவரைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். மற்றவர்கள் அவசரக்காரர்கள். இவர் அப்படியில்லை. கணினி ஆட்டத்தின் திரையில் அவர் நடத்திய பயணி முழங்கால் பனியில் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறினான். வழியில் செத்துக் கிடந்த ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ ஓதினான். உச்சிக்கு வந்து மூச்சு வாங்க ஒரு பாறையில் சாய்ந்தபோது, அந்தப் பாறையில் ஒரு கண் திறந்தது. கண்ணுக்குள் ஒரு கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

மலை எழுந்து உட்கார்ந்தது. அதன் தோளிலிருந்து மேகங்கள் நழுவின.

"வா மகனே. ரொம்ப தூரத்திலேர்ந்து வந்திருக்க. உட்காரு" என்றது, உஸ்பெக் மொழியில்.

இந்த இடம் வரும்போதெல்லாம் சனோபரின் கை தானாகவே வாயைப் பொத்திக்கொள்ளும். எத்தனை முறை பார்த்தும் அது மாறவில்லை. வாக்கியத்தை எழுதியவளே அவள்தான். ஒரு மத்தியான வேளையில், கத்தரிக்காய் வதக்கியபடி, கரண்டிப் பிடியால் மேசையில் தாளம் தட்டித் தட்டி எழுதினாள். ஆனாலும் மலை அதைச் சொல்லும்போது, அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை என்று தோன்றும். சிறு வயதிலிருந்து அவளிடம் பேசிய பெரிய பெரிய விஷயங்கள், ராட்சதர்கள், விண்கலங்கள், கடலடி ராஜாக்கள் எல்லாம் பிற மொழிகளில்தான் பேசின. அவளுடைய மொழி, தக்காளி விலை கேட்கவும் குழந்தையைக் குளிக்கக் கூப்பிடவும் இருந்தது. அதில் ஒரு மலை பேசும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

மலை தேநீர் ஊற்றியது. மிர்ஸோஹித்தின் பயணி கிண்ணத்தைப் பார்த்தான். ஒரு நொடி அசையாமல் நின்றான். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்து, குனிந்து வணங்கி, வந்த வழியே இறங்கத் தொடங்கினான்.

பதிவு அங்கே முடிந்தது. ஆட்டத்தைச் செய்த நார்வே நிறுவனம், பதிவுகளில் பேச்சுள்ள காட்சிகளை மட்டும்தான் வெட்டி சனோபருக்கு அனுப்பும். மொழிபெயர்ப்பவளுக்குப் பேச்சில்லாத காட்சி எதற்கு? மலைக்கு அடுத்த பேச்சு, படகோட்டியுடையது. பயணி தேடிவரும் காணாமற்போன ஆறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது மலைக்கு மட்டுமே தெரியும். தேநீரைக் குடித்தால் சொல்லும். சொன்ன வழியில் போனால் படகோட்டி வருவான். அவனுக்காக சனோபர் அழகழகான வசைகளாக நிறைய எழுதி வைத்திருந்தாள். படகோட்டியை இதுவரை ஓர் ஆள்கூடப் பார்த்ததில்லை. ஆடிப் பார்க்க வந்த அத்தனை பேரும் மலையிடம் வந்தார்கள், வணங்கினார்கள், போய்விட்டார்கள்.

"ஆனா எல்லாரும் பிரமாதம்னுதானேம்மா சொன்னாங்க" என்றார் தோஹிர். சிலோன்சோர் பகுதியில் இரண்டு அறை எடுத்து, ஆறு கணினிகளும் ஒரு பெரிய வாணலியும் வாங்கிப் போட்டு இந்த மொழிபெயர்ப்பு நிறுவனத்தை நடத்துபவர் அவர். "மிர்ஸோஹித் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனார். காலெல்லாம் நனைஞ்ச மாதிரி இருக்குன்னார்."

"அவ்வளவு பனியில நடந்தா நனையாதாண்ணா?"

"அந்தத் தையற்காரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்களே."

"நீங்க அவங்களுக்குப் புலாவ் போட்டீங்க. அதுவும் மஞ்சள் கேரட், காடை முட்டையெல்லாம் வச்சு. சாப்பாடு போட்ட வீட்டுல யாரு அண்ணா குறை சொல்லிட்டுப் போவாங்க? அழச் சொன்னா அழுதுட்டுத்தான் போவாங்க."

தோஹிருக்கு அது சரியென்றே பட்டது. அவரும் அப்படித்தான். போன மாதம் மச்சினன் வீட்டில் கருகின சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு சமோசா ஆயுளில் தின்றதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர்.

வெள்ளிக்கிழமை நார்வே நிறுவனத்தின் ஹோகன் திரையில் வருவார். ஆடியவர்கள் பாதியில் நின்றுபோகிறார்கள் என்றால் உஸ்பெக் பதிப்பு கிடையாது, அவ்வளவுதான். இவ்வளவு பெரிய ஆட்டம் ஒன்று அவர்கள் மொழிக்கு வருவது இதுவே முதல் முறை. இது போனால் மலை மறுபடி வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தோஹிர் முதலில் குரலைச் சந்தேகப்பட்டார். மலைக்குக் குரல் கொடுத்தவர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவர். அந்தக் குரலைக் கேட்டாலே இந்த ஊரில் எவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான் என்பது அவர் கட்சி. சனோபர் சிரித்தாலும், மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். குரலில் குற்றமில்லை.

பிறகு அந்தத் தையற்காரம்மா மஸ்தூராவின் பதிவைப் போட்டாள். ஆடுபவர்கள் முணுமுணுப்பதும் அதில் விழுந்திருக்கும். மலை ஊற்றியதும் மஸ்தூராவின் குரல், மரியாதையோடு, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டது: "புரியுதுங்கய்யா. நேரமாயிடுச்சு. நான் கிளம்பறேன்."

சனோபர் படத்தை நிறுத்தினாள். மலையின் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த முறை கிண்ணத்தைப் பார்த்தாள்.

விளிம்பு வரை நிறைந்திருந்தது.

மூலத்தில் அது மது ஊற்றிக் குடிக்கும் கொம்பு. நம்மவர்களுக்கு வேண்டாம், தேநீர்க் கிண்ணமாக இருக்கட்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கியவள் அவளே. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எழுதவில்லை. அதை யார் எழுதுவார்கள்? தண்ணீர் ஈரமாக இருக்க வேண்டும் என்று யாராவது எழுதுவார்களா? நார்வேயில் உட்கார்ந்திருந்த ஓவியர், பாவம், தாராளமாக நிரப்பியிருக்கிறார்.

இத்தனை முறை பார்த்தும் அதைத் தான் கவனிக்காமல் போனது எப்படி என்று யோசித்தாள். கவனிக்காமல் இல்லை. கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்திருக்கிறாள். ஒரு நிறைந்த கிண்ணம் அவளுக்கும் ஒருநாள் வந்தது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அந்த வீட்டில் தேநீர் ஊற்றுவது மருமகளின் வேலை. அன்று காலை மாமியார் கெண்டியைத் தாமே எடுத்தார், அவளுக்கு ஊற்றினார், விளிம்பு வரை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதைச் சிந்தாமல் குடித்தாள். எழுந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாமோ, கேட்டிருக்கலாமோ என்பது மட்டும் அப்புறம் அவளை விட்டுப் போகவே இல்லை.

ஹோகனுக்கு எழுதினாள். எங்கள் பக்கம் கால் கிண்ணம் ஊற்றினால், இரு, உனக்கு மறுபடி மறுபடி ஊற்றும் பாக்கியம் வேண்டும் என்று அர்த்தம், நிறைய ஊற்றினால் கதவு அந்தப் பக்கம் என்று அர்த்தம், தயவுசெய்து குறையுங்கள். ஹோகன் அதிசயப்பட்டுப் பதில் போட்டார். கிண்ணத்தை வரைந்த இங்குன் விடுமுறையில் படகேறிப் போயிருக்கிறாள், வேறொருவரை விட்டுக் குறைக்கச் சொல்கிறேன் என்றார். கேட்டதுதான் கேட்டோம் என்று சனோபர் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள்: விருந்தாளியின் கிண்ணம் காலியாக விடக்கூடாது. குறையக் குறைய மலை ஊற்ற வேண்டும்.

கிண்ணத்தில் தேநீர் குறைந்தது. புதிதாக ஆட்களைக் கூப்பிட்டார்கள். தோஹிர் மறுபடி வாணலியை ஏற்றினார்.

இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை.

யாரும் எழுந்தே போகவில்லை. மலை கால் கிண்ணம் ஊற்றியது. பயணி குடித்தான். காலியாகும் முன்பே மலை குனிந்து, ஒரு பள்ளத்தாக்கே குனிவதுபோல் குனிந்து, மறுபடி கால் கிண்ணம் ஊற்றியது. கிண்ணம் காலியானால்தான் ஆற்றின் ரகசியத்தைச் சொல்லும்படி அதைச் செய்திருந்தார்கள். கிண்ணமோ காலியாகவே இல்லை. வானத்தில் நட்சத்திரங்கள் சுழன்றன, விடிந்தது, இருட்டியது, மறுபடி விடிந்தது. இவ்வளவு பெரியவர் இவ்வளவு மரியாதையாக ஊற்றும்போது எழுந்து போகிற அளவுக்கு வளர்ப்பு கெட்டவர் அந்த அறையில் யாருமில்லை. கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்ற இஸ்மத்துல்லா, பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்து, முதல் துண்டைத் திரைக்கு எதிரே வைத்துவிட்டுத் தானும் தின்றார்.

சனோபர் கதவருகே நின்று பார்த்தாள். ஆறு திரைகளில் ஆறு மலைகள். ஒவ்வொரு மலைக்கு எதிரிலும் எள்ளளவு ஒரு மனிதன், இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்தபடி. எதற்காக வந்தோம் என்பதையே மறந்து, பெரிய ஒன்றின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். மசூதியில்கூட இவ்வளவு அமைதியை அவள் பார்த்ததில்லை. உடம்பு சிலிர்த்தது. வேலை போகப் போகிறது என்பதும் ஞாபகம் வந்தது.

"என்னம்மா இது? முன்னாடி துரத்தினோம். இப்ப குடிவச்சுட்டோம்" என்று தோஹிர் காதருகே கிசுகிசுத்தார். "அந்த நடுவர் ராத்திரி சாப்பாட்டுக்கும் இருப்பார் போல. அரிசி தீர்ந்துபோச்சு."

"பெரியவங்க முடிச்சு வச்சாத்தானே அண்ணா சபை கலையும்? மலைதான் பெரியவர். அது ரெண்டு கையையும் ஏந்தி 'ஆமீன்' சொல்லிட்டா எல்லாரும் எழுந்துடுவாங்க."

அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மூன்று கிண்ணம் ஆனதும் மலை ஆற்றின் வழியைச் சொல்லும், கைகளை ஏந்தும், முகத்தில் தடவிக்கொள்ளும், விருந்தாளியும் அப்படியே செய்துவிட்டுக் கிளம்புவான். ஹோகனின் ஆட்கள் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மலை கையைத் தூக்கும் அசைவு அவர்களிடம் தயாராக இருந்தது. ஆட்டத்தின் வேறொரு பகுதியில், மலைக்குக் கோபம் வந்தால் கையைத் தூக்கும். தூக்கினால் பனிச்சரிவு இறங்கும்.

முதலில் உட்கார்ந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை ஸுல்ஃபியா. மலை வழியைச் சொன்னது. அறையே மூச்சைப் பிடித்தது. மலை மெல்ல, இரண்டு மாகாணங்கள் எழுவதுபோல், கைகளை ஏந்தியது. ஸுல்ஃபியாவின் பயணியும் ஏந்தினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஸுல்ஃபியாவும் தன்னை அறியாமல் ஏந்தினார். பின்னால் நின்ற தோஹிரும் ஏந்தினார். "ஆமீன்" என்றது மலை. வானத்தின் ஒரு பக்கம் பிளந்து வெள்ளையாகச் சரிந்து வந்து எல்லாவற்றையும் மூடியது.

"நல்ல முடிவு" என்றார் ஸுல்ஃபியா, கைகளை முகத்தில் தடவிக்கொண்டே. "துவா கேட்டுட்டே போறது எல்லாருக்குமா கிடைக்கும்?" புலாவ் பிரமாதம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மட்டும் அதே போல ஆறு பேரைப் புதைத்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. இஸ்மத்துல்லா மட்டும், அவரை யாரும் அழைக்காமலே மறுபடி வந்திருந்தார், போன தடவை மலை இன்னும் அன்பாக இருந்தது என்றார்.

வியாழக்கிழமை தோஹிர் வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "ஒண்ணு துரத்தறோம், இல்ல குடிவைக்கிறோம், இல்ல புதைக்கிறோம்" என்றார். "நம்மகிட்ட நடுவாந்திரமா ஒண்ணும் கிடையாதாம்மா?"

சனோபர் பழைய கிண்ணத்தையே திரும்பப் போடச் சொல்லி எழுதினாள். அதில் யாரும் சாகவில்லை, அது ஒன்றுதான் அதற்கு இருந்த பெருமை. நாளைக்கு ஹோகனிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். எங்கள் ஆட்கள் போய்விடுகிறார்கள். நாங்கள் அப்படித்தான். வழி கேட்கும் முன்னாலேயே, இங்கே இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று தோன்றிவிட்டால் எழுந்துவிடுவோம். உங்கள் ஆட்டம் உட்கார்ந்து கேட்பவர்களுக்காகச் செய்தது.

வெள்ளிக்கிழமை திரையில் ஹோகன் வந்தார், நீலக் கண்ணும் நல்ல மனசுமாக. பக்கத்துக் கட்டத்தில் வெயிலில் மூக்கு உரிந்த ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் இங்குன், காலையில்தான் படகிலிருந்து இறங்கினாள், தான் போனபின் என்னென்ன மாற்றினார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது என்று ஹோகன் சொன்னார். இங்குன் தலையசைத்துவிட்டுப் பழத்தில் கவனமாக இருந்தாள்.

சனோபர் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் சுற்றில் ஒருவர்கூடப் படகோட்டியைப் பார்க்கவில்லை என்று சொன்னபோது ஹோகன் பேனாவைக் கீழே வைத்தார். தோஹிர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குற்றம் கிண்ணத்தின் அளவைச் சொல்லாமல் விட்ட என்னுடையது, வரைந்தவரைச் சொல்லிப் பயனில்லை, அவருக்கு எப்படித் தெரியும் என்று முடித்தாள்.

ஹோகன் வருத்தத்தோடு தொண்டையைச் செருமினார்.

"ஒரு நிமிஷம், தங்கச்சி" என்றாள் இங்குன்.

உஸ்பெக்கில் சொன்னாள். அதுவும் கோகந்துப் பக்கத்து இழுப்போடு. தோஹிர் ஜன்னலிலிருந்து அப்படியே திரும்பினார். நார்வே ஜன்னலின் மழைக்கு முன்னால், பொன்னிறத் தலையோடு ஒரு பெண் வாயிலிருந்து அந்த இழுப்பு வந்ததைக் கேட்டு, மலை முதல்முதலாகப் பேசியபோது வந்த அதே சிலிர்ப்பு சனோபருக்கு வந்தது.

"எல்லாருமா எழுந்து போனாங்க?" என்று கேட்டாள் இங்குன்.

"எல்லாரும் அக்கா."

"வழி கேக்காமலேயா?"

"ஒருத்தர் கேக்கலை."

"நெஞ்சுல கை வச்சுட்டு?"

"ஆமா."

இங்குன் பழத்தைக் கீழே வைத்தாள். விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தாள், ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம்.

"நாலு வருஷம் கோகந்துல மருமகளா இருந்தேன்மா. ஒருநாள் எனக்கும் நிறைய ஊத்தினாங்க. நிறைஞ்ச கிண்ணம்னா என்னன்னு தெரிஞ்சுதான் வரைஞ்சேன்." ஹோகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இங்குன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மலைக்குக் களைப்பு. அதுக்குத் தூங்கணும். எத்தனையோ மொழியில, எத்தனையோ பேர் இத்தனை வருஷமா அதைக் குடைஞ்சு குடைஞ்சு வழி கேட்டு வாங்கிட்டுத்தான் போனாங்க. ஒருத்தருக்கும் எழுந்து போகத் தோணலை. அப்படிப் போறவங்களுக்காக ஒண்ணு பண்ணி உள்ள ஒளிச்சு வச்சேன், இவருக்குக்கூடச் சொல்லாம. அதுல பேச்சே கிடையாது, அதனால உனக்கு வந்திருக்காது."

சனோபருக்கு மிர்ஸோஹித்தின் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று, கால் நனைந்த மாதிரி இருக்கிறது என்று குனிந்து தன் காலணியைப் பார்த்தாராமே.

"என்ன ஒளிச்சு வச்சீங்க அக்கா?"

"அவங்க திரும்பிப் பாக்காம மலையை விட்டு இறங்கறாங்களே" என்றாள் இங்குன், "அவங்க பின்னாலேயே ஆறும் எழுந்து வருது."